அட்டையின் உயரம்

என் தம்பிக்குப் பொய் சொல்ல வராது. அதை நல்ல குணம் என்று சொல்ல மாட்டேன். வராது, அவ்வளவுதான். பள்ளிக்கூட நாளில் பக்கத்து வீட்டு ஜன்னலை உடைத்தது நான். யார் என்று அப்பா கேட்டபோது அவன் வாயைத் திறக்கவில்லை, ஆனால் திருதிருவென்று முழித்தான். அந்த முழியிலேயே இரண்டு பேருக்கும் அடி விழுந்தது.

அதனால் அந்தப் புதன்கிழமை மாலை, "எனக்குப் பொத்தானே வரலக்கா" என்று அவன் சொன்னபோது நான் நம்பினேன். நம்பியது நான் ஒருத்திதான்.

அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் ஓய்ந்துவிட்டன. செவ்வாய், சனி காலைகளில் டயாலிசிஸ். மையத்தில் இருப்பது பதினாறு நாற்காலிகள், காத்திருப்பவர்கள் அதைப் போல மூன்று மடங்கு. முந்தின நாள் மாலை நான்கு மணிக்கு ஒவ்வொருவர் போனுக்கும் ஓர் இணைப்பு வரும். திறந்தால் ஓர் அட்டை: தேதி, நேரம், நாற்காலி எண், அடியில் இரண்டு பொத்தான்கள். ஒன்று 'வர இயலாது'. இன்னொன்று 'வருகையை உறுதி செய்கிறேன்'. எட்டு மணிக்குள் உறுதி செய்யாவிட்டால் நாற்காலி அடுத்தவருக்குப் போய்விடும். ஒரே மாதத்தில் இரண்டு முறை அப்படிப் போனால் நிரந்தர இடமே பறிபோகும். அப்புறம் பட்டியலின் வாலில் போய் நிற்க வேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமை காலை அவன் போயிருக்கிறான். நீங்கள் உறுதி செய்யவில்லையே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். புதன்கிழமை மதியம் யாரோ ஒருவர் வராமல் போக, அந்த இடத்தில் இவனை உட்கார வைத்தார்கள். நான் போனபோது கட்டிலில் சாய்ந்திருந்தான். பாதம் இரண்டும் இன்னும் வீங்கியிருந்தன. பஸ் கூடு கட்டும் பட்டறையில் இருபது வருடம் வெல்டிங் பிடித்தவன், ஒரு தலையணையை நகர்த்தி வைக்க இரண்டு முறை மூச்சு வாங்கினான்.

"மறந்துட்டு போன் மேல பழியப் போடுறாரு, அண்ணி" என்றாள் அவன் மனைவி. துணி மடித்துக்கொண்டே பேசினாள், ஒவ்வொரு மடிப்பிலும் ஓர் அடி விழுந்தது. "பொத்தான் வரலையாம். போன வாரம் வந்த பொத்தான் இந்த வாரம் எங்க போச்சு, ஊருக்கா போச்சு? இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா சீட்டே போயிடும். இவருக்கு அந்தப் பயம் இருக்கா பாருங்க."

"தேடிப் பார்த்தேன். இல்ல. சரி, இந்தத் தடவ உறுதி பண்ண வேண்டாம் போலன்னு நினைச்சேன்" என்றான் அவன்.

போனை வாங்கிப் பார்த்தேன். எழுத்து ஒவ்வொன்றும் பட்டாணி அளவு இருந்தது. கண் மங்குகிறது என்று அவன் சொன்னதால் அவன் மனைவி ஞாயிற்றுக்கிழமைதான் எழுத்தளவை ஆகப் பெரிதாக வைத்துக் கொடுத்தாளாம். பழைய இணைப்பைத் திறந்தேன். தேதி வந்தது, நேரம் வந்தது, நாற்காலி எண் ஒன்பது வந்தது, 'வர இயலாது' வந்தது. அதோடு அட்டை முடிந்துவிட்டது. அடி ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. மற்றவர்களுக்கு அது வெறும் கோடு. எனக்கு அது உறுதி செய்யும் பொத்தானின் உச்சந்தலை.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த அட்டையை எழுதியவள் நான்.

வீட்டில் யாருக்கும் இது தெரியாது. அக்கா கம்ப்யூட்டரில் ஏதோ வேலை செய்கிறாள் என்பதோடு அவர்களுக்கு முடிந்துவிடும். இணையப் பக்கங்களின் உருவத்தை எழுதுவது என் தொழில், சி.எஸ்.எஸ். என்பார்கள். எது எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு அகலம், எந்த நிறம், போனில் எப்படி, பெரிய திரையில் எப்படி என்று பதினேழு வருடமாக எழுதுகிறேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று ஆபீஸில் பெயர். அன்றைக்கு அந்தக் கோபம் போக வேறு இடம் இல்லாமல் என் மேலேயே திரும்பியது. அப்போதும், "என்னால்தான்டா" என்று சொல்ல வாய் வரவில்லை. "பார்க்கிறேன்" என்று மட்டும் சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

சனிக்கிழமைக்கான அட்டை வெள்ளி மாலை நான்கு மணிக்கு வரும். அதற்குள் அது சரியாக வேண்டும். அவனுக்கு மட்டும் என்றால் நானே எழுத்தைச் சிறிதாக்கிப் பொத்தானை அழுத்தி வைத்துவிடலாம். ஆனால் பெரிய எழுத்து வைத்துக்கொண்டிருப்பவன் ஊரில் என் தம்பி ஒருவன்தானா?

வியாழன் காலை ஆபீஸில் முதல் வேலையாகப் பதிவேட்டைத் திறந்தேன். யார் பக்கத்தைத் திறந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள், எதை அழுத்தினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். திறந்து, நெடுநேரம் இருந்து, எதையுமே அழுத்தாமல் போனவர்கள் ஆறு வாரத்தில் முப்பத்தொரு பேர். எல்லாருமே பெரிய எழுத்துக்காரர்கள் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் நாற்காலி ஒன்பது அதில் இருந்தான். திங்கட்கிழமை மாலை நான்கு முறை திறந்திருக்கிறான். மொத்தம் பத்தொன்பது நிமிடம். கடைசியாகத் திறந்தது ஏழு மணி ஐம்பத்திரண்டுக்கு. அதைப் படித்ததும் எனக்கு அழுகை வந்தது. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

குற்றவாளி இரண்டே வரி. அட்டையின் உயரம் இருநூற்று இருபது புள்ளி, அதாவது பிக்சல், என்பது ஒன்று. அதற்கு மேல் வழிவதை மறைத்துவிடு என்பது இன்னொன்று. எழுத்து வளர்ந்தது, பொத்தான் கீழே இறங்கியது, மறைத்துவிடு என்று சொன்னபடி பிரவுசர் மறைத்துவிட்டது. அது சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை, அதைக் குறை சொல்லிப் பயனில்லை.

இரண்டு வரியையும் அழித்துவிட்டால் தீர்ந்தது என்று யாரும் நினைப்பார்கள். அழித்தும் பார்த்தேன். போனில் சரியானது, மையத்தின் வரவேற்பு மேசையில் கோணிக்கொண்டது. அங்கே இருக்கும் அகலத் திரையில் இதே அட்டைகள், ஆளின் பெயரும் சேர்ந்து, நான்கு நான்காக வரிசையில் நிற்கும். பெயரின் நீளத்துக்கு ஏற்ப ஓர் அட்டை உயரம், ஓர் அட்டை குட்டை என்றாகிப் பொத்தான்கள் மேலும் கீழுமாக இறங்கின. ஆரம்ப நாட்களில் அப்படித்தான் இருந்தது. மேசையில் இருந்த பெண் அவசரத்தில் பக்கத்து ஆளின் பொத்தானை அழுத்தி ஒரு பெரிய குழப்பம் நடந்தது. அதற்குப் பிறகுதான் எல்லா அட்டைக்கும் ஒரே உயரம் என்று முடிவாயிற்று. முடிவு செய்தவர் ரசமட்டம்.

ரசமட்டம் எங்கள் வடிவமைப்புத் தலைவர். கொத்தனார் சுவரில் வைத்துப் பார்க்கும் கருவியின் பெயரை அவருக்கு வைத்தது நான்தான். ஒரு கோடு அரைப் புள்ளி சாய்ந்தாலும் அவருக்குச் சாப்பாடு இறங்காது. கெட்டவர் இல்லை. சத்தமாகப் பேசக்கூட மாட்டார், அதுதான் இன்னும் எரிச்சல். அவர் மேசைக்குப் பின்னால் ஓர் அலமாரித் தட்டு உண்டு. அதில் ஒரு போன், ஒரு பழைய டேப்லெட், ஓர் அகலத் திரை. மூன்றிலும் அவர் கண்ணெதிரே சரியாக வந்தால்தான் எதுவும் வெளியே போகும். இன்னொரு விதி, வெள்ளிக்கிழமை எதையும் வெளியே அனுப்பக் கூடாது. அனுப்பியது உடைந்தால் சனி, ஞாயிறு சரி செய்ய ஆள் இருக்காது என்பது காரணம். இந்தத் தொழிலில் பல இடங்களில் உள்ள விதிதான். நானே புதிதாக வந்தவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

ஆக எனக்கு இருந்தது வியாழக்கிழமை ஒன்றுதான். அட்டையை அடியிலிருந்து திரும்ப எழுத உட்கார்ந்தேன்.

பழைய முறையில் அட்டை ஒரே ஒரு கேள்விதான் கேட்கும்: திரை எவ்வளவு அகலம்? தான் எந்த மூலையில், எவ்வளவு இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று அதற்குத் தெரியாது. மாளிகையில் வாடகைக்கு ஓர் அறை எடுத்தவன் மாளிகை முழுக்கத் தன்னுடையது என்று கட்டில் வாங்கிப் போட்ட மாதிரி. இப்போது கன்டெய்னர் குவெரி என்று ஒன்று வந்திருக்கிறது. அட்டை தான் இருக்கும் பெட்டியைப் பார்த்துக் கேட்கும்: இங்கே எனக்கு எவ்வளவு இடம்? அந்த அளவையும் புள்ளியில் சொல்லாமல் எழுத்தின் அளவால் சொன்னேன். இத்தனை எழுத்து கொண்டால் பொத்தான்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கட்டும், கொள்ளாவிட்டால் ஒன்றின் கீழ் ஒன்று வரட்டும். எழுத்து பெரிதானால் அதே போன் தானாகவே குறுகலான பெட்டி ஆகிவிடும்.

எழுத்தளவுக்கு கிளாம்ப். இதற்குக் கீழே போகாதே, இதற்கு மேலே போகாதே, நடுவில் இடத்துக்குத் தக்கபடி இரு என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். விரலுக்கேற்ற வீக்கம் என்று பெரியவர்கள் சொன்னதுதான். இரண்டு எல்லையையும் போன்காரர் வைத்த அளவிலிருந்தே கணக்குப் பண்ண வைத்தேன். அவர் பெரிதாக வைத்தால் எல்லையும் பெரிதாகும்.

மீதி இருந்தது ரசமட்டத்தின் ஒரே உயரம். அதற்கு சப்கிரிட். வரிசையில் நிற்கும் நான்கு அட்டைகளும் உள்ளே இருக்கும் கோடுகளைப் பகிர்ந்துகொள்ளும். பெயர் ஒரு கோட்டில், தேதி ஒரு கோட்டில், நாற்காலி எண் ஒரு கோட்டில், பொத்தான்கள் ஒரு கோட்டில். எவ்வளவு உயரம் என்று நான் சொல்ல மாட்டேன். நால்வரில் யாருக்கு அதிகம் இடம் வேண்டுமோ அவர் சொல்வார், மற்ற மூவரும் அவருக்காகத் தள்ளி நிற்பார்கள். எழுதி முடித்து அகலத் திரையில் பார்த்தபோது என்னை நானே மெச்சிக்கொண்டேன். நூல் பிடித்த மாதிரி நின்றது.

மாலை ஐந்து மணிக்கு ரசமட்டத்தை அலமாரித் தட்டுக்குக் கூப்பிட்டேன். போனில் பார்த்தார், தலையாட்டினார். அகலத் திரையில் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். பிறகு டேப்லெட்டை எடுத்தார். அதில் அட்டைகள் இரண்டு இரண்டாக நிற்காமல் ஒரே நீளமாக ஒன்றின் கீழ் ஒன்றாக வந்தன. அதிலிருந்த பிரவுசர் கிழடு. புது விதிகள் அதற்குத் தெரியாது.

"இதுல உடைஞ்சிருக்கே" என்றார்.

"உடையல. தெரியாத வரியை பிரவுசர் சத்தம் போடாம தாண்டிப் போயிடும். அப்படிப் போறவங்களுக்குன்னு அடியில ஒரு சாதாரண வரிசை எழுதி வச்சிருக்கேன். எல்லாப் பொத்தானும் தெரியுது, எல்லாம் வேலை செய்யுது."

"மூணும் ஒரே மாதிரி இல்லயே."

"எதுக்கு ஒரே மாதிரி இருக்கணும்? மூணு கருவியையும் ஒரே ஆளா வச்சுப் பார்க்கப்போறாரு? ஒருத்தர் கையில ஒண்ணுதான் இருக்கும். அதுல வேலை நடந்தா போதாதா?"

அவர் டேப்லெட்டை மெதுவாக இருந்த இடத்திலேயே, இருந்த கோணத்திலேயே வைத்தார். "திங்கக்கிழமை டேப்லெட்டுக்கும் சேர்த்து முடிச்சிடுங்க. போட்டுடலாம். நாளைக்கு வெள்ளி." சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் கத்தியிருக்கலாம். கத்தினால் அவர் இன்னும் மெதுவாகப் பேசுவார் என்று தெரிந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வெள்ளி காலை அவருக்கு முன்னால் ஆபீஸுக்குப் போனேன். அலமாரித் தட்டிலிருந்த போனை எடுத்து எழுத்தளவை ஆகப் பெரிதாக வைத்தேன். பழைய அட்டையை, அதாவது அவர் கையெழுத்துப் போட்டு வெளியே அனுப்பியதை, அதில் திறந்து வைத்தேன். ஒன்பதரைக்கு அவர் வந்து நாற்காலியில் உட்காருவதற்குள் போனை நீட்டினேன்.

"நாளைக்கு உங்களுக்கு டயாலிசிஸ். வரேன்னு உறுதி பண்ணுங்க."

"என்னது?"

"எட்டு மணிக்குள்ள பண்ணலன்னா நாற்காலி போயிடும். பண்ணுங்க."

அவர் என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார். விரலால் மேலே தள்ளினார், கீழே தள்ளினார். போனைப் படுக்கையாகத் திருப்பினார். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பக்கத்தைப் புதுப்பித்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஒரு நிமிடம் ஆனது. அவரே வரைந்த அட்டை, பொத்தான் எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இருக்க வேண்டிய இடத்திலேயே விரலை வைத்து அழுத்தினார். அங்கே அழுத்த எதுவும் இல்லை. காது மடல் இரண்டும் மெல்லச் சிவந்தன.

"இது எத்தனை பேருக்கு?" என்றார்.

"முப்பத்தொரு பேரு திறந்து பார்த்துட்டு எதையும் அழுத்தாம போயிருக்காங்க. அதுல ஒருத்தன் நாலு தடவ திறந்தான். பத்தொன்பது நிமிஷம் தேடினான். அவன் என் தம்பி."

அவர் போனைக் கீழே வைக்கவில்லை. "உயரத்த நான்தான் கேட்டேன்" என்றார் கடைசியில்.

"மறைச்சுடுன்னு எழுதினது நான். அத நீங்க கேட்கல. பங்கு பிரிக்க இப்ப நேரமில்ல, நாலு மணிக்குள்ள இது போகணும்."

"வெள்ளிக்கிழமை" என்றார் அவர். எனக்குச் சுரீரென்றது. ஆனால் அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். "வெள்ளிக்கிழமை போட்டா சனி, ஞாயிறு யாராவது பார்த்துக்கணும். நான் உட்கார்றேன். நீங்க நாளைக்குத் தம்பி கூடப் போங்க." நாற்காலியை இழுத்துப் போட்டு, இருபத்திரண்டு வகைப் பெயர்களையும் தேதிகளையும் கொடுத்து, எழுத்தை ஏழு அளவில் மாற்றி மாற்றி, மதியம் வரை என்னோடு சோதித்தார். இரண்டு இடத்தில் தப்பும் கண்டுபிடித்தார், மனிதர் சும்மா ரசமட்டம் இல்லை. இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு அவர் கையாலேயே வெளியே அனுப்பினார்.

நான்கு மணிக்குத் தம்பி வீட்டில் இருந்தேன். பஸ் பிடித்து, நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தேன். நான்கு ஒன்றுக்குப் போன் சத்தம் கொடுத்தது. அவன் திறந்தான். அவன் மனைவி பாதி மடித்த துணியோடு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் எட்டிப் பார்த்தோம். தேதி, நேரம், நாற்காலி ஒன்பது, 'வர இயலாது'. அதன் கீழே, போனின் அகலம் முழுக்க, இரண்டு வரியாக மடிந்து, பச்சையாக 'வருகையை உறுதி செய்கிறேன்'. அவன் கட்டைவிரலால் ஒரு முறை அழுத்தினான். நன்றி, உங்கள் இடம் உறுதியானது என்று வந்தது.

"இன்னிக்கு மட்டும் பொத்தான் வந்துடுச்சாக்கும்" என்றாள் அவள். "நான் பக்கத்துல இருந்தா எல்லாம் ஒழுங்கா நடக்குது. அன்னைக்கு ஒழுங்கா பார்த்திருந்தா..."

"அன்னைக்குப் பொத்தான் இல்லம்மா" என்றேன். "அவன் சொன்னது நிஜம். அந்தப் பக்கத்த எழுதினது நான். எழுத்தப் பெருசாக்கினா பொத்தான் மறைஞ்சு போற மாதிரி எழுதி வச்சிருந்தேன். புதன்கிழமையே தெரிஞ்சுடுச்சு. சொல்ல வாய் வரல. அவன் மறக்கவும் இல்ல, பொய்யும் சொல்லல."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "உப்பத் தின்னவ தண்ணி குடிச்சுத்தான் ஆகணும். நீ என்ன திட்டணுமோ திட்டிடு" என்றேன் தம்பியிடம்.

"எனக்கு டாக்டர் உப்பும் கூடாதுன்னுட்டாரு, தண்ணியும் கூடாதுன்னுட்டாரு. அந்தப் பழமொழிய வேற யார்கிட்டயாவது சொல்லு" என்றான் அவன். சிரித்தான். பிறகு சாதாரணமாக, "நீ எழுதினதுன்னு எனக்குத் தெரியுமேக்கா" என்றான்.

"எப்படி?"

"திங்கக்கிழமை பொத்தானத் தேடிக்கிட்டே பக்கத்தோட அடிவரைக்கும் போனேன். அங்க உங்க ஆபீஸ் பேரு போட்டிருந்துச்சு."

அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். "தெரிஞ்சுமா நாலு நாளா என்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டீங்க?"

"பேரச் சொன்னா அவளுக்கும்ல சேர்த்து விழும். எனக்குப் பழகிப் போச்சு."

பொய் சொல்லத்தான் அவனுக்கு வராது. வாயை மூடிக்கொள்ள அன்றும் வந்தது, இன்றும் வருகிறது. முழிக்காமல் இருக்க மட்டும் எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டான். நான் அவன் கையிலிருந்து போனை வாங்கி, விரலால் பக்கத்தைக் கீழே தள்ளிக்கொண்டே போனேன். அடியில் அது இருந்தது. எங்கள் ஆபீஸ் பெயர். பெரிய எழுத்தில், முழுசாக, ஓர் எழுத்துகூட வெட்டுப்படாமல். திங்கட்கிழமையும் அது அப்படித்தான் இருந்திருக்கும்.